புதையல் கதை எழுதக் கிணற்றடியில் தொடங்குங்கள்

1990இல் போர் காரணமாக நாங்கள் திருகோணமலையை விட்டுப் போவதற்கு முதல் நாள் இரவு, அம்மா இரண்டு குத்துவிளக்குகளையும் ஒரு செம்பையும் அப்பாவின் பித்தளைத் திசைகாட்டியையும் சாக்கில் சுற்றி வளவுக்குள் புதைத்தார். இடத்தை என் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதினார்: "கிணற்றுக் கட்டிலிருந்து தேசிக்காய் மரத்தை நோக்கிப் பன்னிரண்டு அடி. இடுப்பளவு ஆழம்."

நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது தேசிக்காய் மரம் இல்லை. கூரையும் இல்லை. கிணறு இருந்தது. மரம் வேலிப் பக்கம் நின்றதா குசினிப் பக்கம் நின்றதா என்று அண்ணனும் அம்மாவும் வாதாடினார்கள். எழுதிய அடி அளவுகோலின் அடியா, அம்மாவின் காலடியா என்ற கேள்வியும் வந்தது. காலடிதான் என்றார் அம்மா. அவரைக் கிணற்றடியிலிருந்து பன்னிரண்டு அடி நடக்கச் சொல்லி, அந்த நீளத்துக்குக் கயிறு வெட்டி, கிணற்றைச் சுற்றி வட்டம் போட்டோம். வட்டத்தின் மேல் குழி குழியாகத் தோண்டியதில் மூன்றாம் நாள் சாக்கு கிடைத்தது.

நான் தமிழ் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கதை எழுத வருகிறார்கள். புதையல் தேடிப் போகும் கதைதான் எல்லாருக்கும் வேண்டும். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் பெரிதாக வளர்த்துவிட்ட வகை அது: பழைய வரைபடம், மூன்று நான்கு துணிச்சல்காரர்கள், வெளியுலகம் அறியாத நாடு, மலைக்கு உள்ளே வைரம். அப்பா இரவில் எங்களுக்குத் தமிழில் சொன்ன முதல் கதையும் அதுதான். ரைடர் ஹகார்ட் 1885இல் வெளியிட்ட 'சாலமன் அரசனின் சுரங்கங்கள்'. அந்தக் கதைகள்மீது எனக்கு இன்றும் தீராத ஆசை உண்டு. அவற்றின் பெரிய குறை எது என்பதையும் எங்கள் வளவுக்குள் தோண்டிய அந்த மூன்று நாட்களில் தெரிந்துகொண்டேன். புதையல் என்பது, யாரோ ஒருவர் திரும்பி வருவேன் என்று நம்பி மண்ணுக்குள் வைத்த பொருள். அந்த ஒருவரை ஹகார்ட்டின் கதையில் காணவில்லை. உங்கள் கதையில் அவர் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வரி எழுதுமுன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். புதைத்தவர் யார்? எதற்கு அஞ்சிப் புதைத்தார்? யாரிடம் சொல்லிவிட்டுப் போனார்? எங்கள் ஊருக்குள்ளேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்தார். அந்தக் கற்கள் கோட்டை கட்டப் போயின. 1950இல் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இடிக்க வருகிறார்கள் என்று அறிந்து யாரோ அவற்றை அள்ளிக்கொண்டு ஓடிப் புதைத்திருக்கிறார்கள். சொல்லிவைத்த இடம் மூன்று நூற்றாண்டுகளில் மறந்துபோயிற்று. அந்த இரவில் சிலையைத் தோளில் சுமந்தவர் யார் என்று கேட்டாலே ஒரு கதை பிறந்துவிடும். என் வகுப்பில் இதுவரை நான்கு பிறந்திருக்கின்றன.

அடுத்து வரைபடம். கதையை எழுதிவிட்டு வரைபடம் வரையாதீர்கள். ஸ்டீவன்சன் 1881இல் ஸ்கொட்லாந்தில் விடுமுறையில் இருந்தபோது, மனைவியின் மகனோடு விளையாட்டாக ஒரு தீவை வரைந்தார். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே எழுதிய கதைதான் 'புதையல் தீவு'. பதிப்பாளருக்கு அனுப்பிய அந்த வரைபடம் தொலைந்துபோனதால், கதையை வாசித்து வாசித்து இன்னொன்று வரைய வேண்டிவந்தது. புதியது தமக்கு ஒருபோதும் 'புதையல் தீவாக'த் தோன்றவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரை ஒட்டிய கொட்டியாரக் குடாவையே கொடுக்கிறேன். ஒரு பக்கம் கோட்டையும் சுவாமி மலையும், எதிர்ப் பக்கம் மூதூர், நடுவில் மகாவலி வந்து விழும் இடம். அளவுக்கு மைல் வேண்டாம். ஒரு விரற்கடை ஒரு மணி நேர நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடப்பவனுக்குக் களைப்பு எங்கே வரும், பொழுது எங்கே சாயும் என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு அடையாளங்களைக் குறிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் தேசிக்காய் மரத்தை நினைக்கச் சொல்கிறேன். அழியும் அடையாளங்களை ஒரு நிறத்திலும் அழியாதவற்றை வேறு நிறத்திலும் குறியுங்கள். மரம், வாடி, வேலி, முகத்துவாரத்து மணல்மேடு எல்லாம் அழிபவை. பாறை, கிணறு, குளக்கட்டு, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் நிலைப்பவை. புதைத்தவர் அவசரத்தில் ஓர் அழியும் அடையாளத்தையாவது நம்பியிருப்பார். தேடுபவர்கள் அங்கே வந்து தடுமாறுவதுதான் உங்கள் கதையின் நடுப்பகுதி.

சீட்டு ஒன்று கிடைப்பதாக எழுதினால் அதன் கையெழுத்தில் எழுதியவரின் நிலைமை தெரிய வேண்டும். ஹகார்ட்டின் கதையில் 1590இல் குளிரிலும் பசியிலும் சாகக் கிடக்கும் போர்த்துக்கேயர் ஒருவர், சட்டைத் துணியில், எலும்புத் துண்டால், தம் இரத்தத்தைத் தொட்டு எழுதுகிறார். மை இல்லை என்ற ஒரு செய்தியிலேயே அவருடைய முழுக் கதையும் அடங்கிவிட்டது. அம்மா எழுதியது என் கணக்குக் கொப்பியில். மேலே வகுத்தல் கணக்கு, கீழே புதைத்த இடம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கதையை யார் சொல்வது? பிள்ளைகள் எல்லாரும் வீரனையே சொல்ல வைக்கிறார்கள். வேண்டாம். ஹகார்ட் செய்ததைக் கவனியுங்கள். தொலைந்த தம்பியைத் தேடி வரும் சேர் ஹென்றி கேர்ட்டிஸ் வாட்டசாட்டமானவர், போர்க்கோடரி வீசுபவர். கதை சொல்பவரோ அலன் குவாட்டர்மெயின். ஐம்பத்தைந்து வயது யானை வேட்டைக்காரர், தாம் பயந்த சுபாவம் உள்ளவர் என்று முதலிலேயே ஒப்புக்கொள்பவர். பயப்படுபவருடைய கண்ணுக்குத்தான் சின்னச் சின்னவை தெரியும்: தண்ணீர்க் குடுவையின் எடை, மணலின் சூடு, கூட வருபவரின் முகமாற்றம். உங்கள் குழுவிலும் சமையல்காரர், வள்ளம் தள்ளும் பொடியன், கணக்கு எழுதுபவர் என்று ஒருவர் இருப்பார். பேனையை அவர் கையில் கொடுங்கள்.

இனி வழிகாட்டி. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டால் கதை பொய்யாகிவிடும். ஹகார்ட்டின் கதையில் வேலைக்காரனாகச் சேரும் உம்போபா, உண்மையில் அந்த நாட்டின் உரிமை அரசன் இக்னோசி. அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். மற்றவர்கள் எங்கோ போகிறார்கள்; அவன் ஒருவன் வீட்டுக்குப் போகிறான். ஆனால் அவன் மனத்துக்குள் நாம் போக முடிவதில்லை. அப்பாவிடம் நான் ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி, மலைகளை மறுபடி கண்டபோது உம்போபா என்ன நினைத்தான் என்பது. அப்பா தாமாகவே ஒரு பதில் சொல்வார். ஒவ்வோர் இரவும் அது மாறும்.

வெளியார் தேடிவந்து பார்த்த பல ஊர்களுள் எங்களுடையதும் ஒன்று. 1659இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்தது; அதைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவரும் அவருடைய மகன் றொபர்ட் நொக்ஸும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டார்கள். தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் இருந்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் வழி கற்ற விதத்தைப் பாருங்கள். தொப்பி பின்னினார், சில்லறைச் சாமான்களோடு சேர்த்து ஊர் ஊராக விற்றார், விற்கும் சாக்கில் ஒவ்வொரு முறையும் வடக்கே கொஞ்சம் கூடுதலாகப் போய்ப் பாதையை மனத்தில் பதித்துக்கொண்டார். உங்கள் பாத்திரங்களுக்கும் இப்படி ஒரு தொழிலைக் கொடுங்கள். உப்பு, கருவாடு, பாய், எதுவானாலும் சரி. சும்மா நடந்து போகிறவனோடு ஊரார் பேசமாட்டார்கள்.

நொக்ஸ் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. கரையில் நின்றவர்கள் எழுதியது எதுவும் எங்கள் கையில் இல்லை. அதனால் வகுப்பில் கட்டாயப் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறேன்: கப்பல் வந்த காலையை மூதூர்க் கரையிலிருந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். தரம் 8 படிக்கும் ஒரு பிள்ளை, தயிர்ச்சட்டி சுமந்து போகும் சிறுமியின் வாயால் எழுதினாள். கப்பலின் உயரத்தையோ பீரங்கியையோ அவள் சொல்லவில்லை. முறிந்த பாய்மரத்தைப் பார்த்து, "எங்கள் காட்டில் மரம் தேடி வந்திருக்கிறார்கள், எந்த மரம் கேட்பார்களோ" என்று சிறுமி கவலைப்படுகிறாள். அந்த வரியைக் கரும்பலகையில் இரண்டு வாரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

கணக்கும் போட வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் எங்கள் காட்டில் நடப்பவருக்கு நாளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர், மூன்று நாள், அறுபது லீற்றர், அறுபது கிலோ. யார் சுமப்பது? பழைய கதைகளில் அந்தச் சுமையைப் பெயரில்லாத மனிதர்கள் சுமந்தார்கள். உங்கள் கதையில் சுமப்பவருக்குப் பெயர் வையுங்கள், அல்லது சுமையைக் குறைத்து நீர்நிலையிலிருந்து நீர்நிலைக்கு வழியை மாற்றுங்கள்.

வானத்தையும் சரிபாருங்கள். சாலமன் சுரங்கக் கதையின் முதற்பதிப்பில், முழு நிலாவை ஒட்டியே ஒரு சூரிய கிரகணம் வருகிறது. பின்னைய பதிப்புகளில் ஹகார்ட் அதைச் சந்திர கிரகணமாக மாற்றினார். இதை அம்மம்மாவிடம் சொன்னபோது, சூரிய கிரகணம் அமாவாசையில் அல்லவா வரும் என்று சுளகை நிறுத்தாமலே கேட்டார். கதையில் நிலா வந்தால் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைந்த நகரம் ஒன்றை வைக்க விரும்பினால் அதைக் கட்டியவர்களைத் தொலைத்துவிடாதீர்கள். இன்றைய சிம்பாப்வே நாட்டிலுள்ள 'பெரிய சிம்பாப்வே' என்ற பழைய நகரத்தின் கற்சுவர்களை 1871இல் கண்ட கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், அவற்றை விவிலியத்தில் வரும் ஷீபா அரசியோடு தொடர்புபடுத்தினார். ஆபிரிக்கர்கள் இப்படிக் கட்டியிருப்பார்கள் என்று அன்றைய ஐரோப்பியர் பலருக்கு நம்ப மனமில்லை. 1905இல் அங்கே அகழ்ந்த ரண்டல் மக்கைவரும், 1929இல் அகழ்ந்த கேர்ட்ரூட் கேட்டன் தொம்சனும் அது ஆபிரிக்கர்கள் கட்டியதே என்று காட்டினார்கள். கட்டியவர்களின் வழிவந்த ஷோனா மக்கள் அந்தச் சுவர்களின் அருகிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த இடம் தொலைந்திருக்கவில்லை.

தமிழில் இப்படி எழுத முடியுமா என்று பிள்ளைகள் கேட்டால், 1891இல் எங்கள் ஊர் இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை' எழுதியதையும், 1895இல் எங்கள் ஊர் சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' நாவல் எழுதியதையும் சொல்வேன். ஹகார்ட் எழுதிக்கொண்டிருந்த அதே காலம்.

கடைசியாக, பெட்டி திறக்கும் காட்சி. உள்ளே இருப்பவற்றை அடுக்கிக்கொண்டே போக வேண்டாம். புதைத்தவர் ஏன் இதை எடுத்தார், எதை விட்டுப் போனார் என்பது தெரிந்தால் போதும். அம்மா தம் தையல் மெசினை விட்டுவிட்டுத்தான் விளக்கைப் புதைத்தார். பெட்டி கிடைத்த பிறகு அது யாரிடம் போக வேண்டும் என்பதற்கும் ஒரு பக்கம் வையுங்கள். கிணற்றில் கிடைத்த திருமேனிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு, 1963இல் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்குத் திரும்பின. திரும்பிச் சேர்வதை எழுதிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் சாக்கைப் பிரித்தபோது திசைகாட்டியின் முள் துருவேறி அசையாமல் நின்றது. விளக்குகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். நான் வாளியால் அள்ளி ஊற்றினேன். கூரை போடாத வீட்டில் அன்று பின்னேரம் ஆறு மணிக்கு இரண்டு விளக்கையும் ஏற்றினோம்.