சீசன் தேயிலையில் நல்ல பிளேன்டீ ஊற்றுவது எப்படி?

டார்ஜிலிங்கில் குளிர்காலம் முடிந்த பிறகுதான் முதல் கொழுந்து வரும். இலங்கையில் நம் மலைநாட்டில் வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கிறார்கள். ஆனாலும் தை பிறந்ததும் திம்புள, நுவரெலியாப் பக்கம் மழை ஓய்ந்து, பகலில் வெயிலும் காய்ந்த காற்றும் இரவில் கடுங்குளிருமாக மாறிவிடும். அப்போது கொழுந்து மெதுவாக வளரும், வாசனை இலையில் செறியும். அதைத்தான் சீசன் தேயிலை என்கிறோம். அந்தப் பருவத்தின் முதல் தேயிலை ஏலம் முடிந்து கொழும்புக் கடைகளுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். மாசி, பங்குனியில் தேடிப் பாருங்கள்.

1. வாங்குதல்

பெட்டியில் 'சிலோன் டீ' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பிரதேசம், முடிந்தால் எந்தத் தோட்டம், எப்போது பொதி செய்தது என்று பாருங்கள். 4,000 அடிக்கு மேல் விளைவதைத்தான் உயர்நிலத் தேயிலை என்கிறார்கள். தரத்தில் பிஓபி, அதாவது சிறிதாக உடைத்த இலை எடுங்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஓபி பெரிய இலை, சாயம் இறங்க நேரம் எடுக்கும். டஸ்ட் என்ற தூள் தேயிலை இதற்கு வேண்டாம்.

100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்த பொதியின் வாசனை சீக்கிரம் போய்விடும். இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் போட்டு, மிளகாய்த்தூள், கறுவாப்பட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

2. தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால், வடிகட்டியில் விட்டு எடுங்கள், அல்லது மூடாமல் சில மணி நேரம் வைத்திருங்கள். காலையில் கொதித்து கேத்தலில் மிச்சமிருப்பதைத் திரும்பச் சூடாக்காமல் புதுத் தண்ணீர் பிடியுங்கள்.

உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், கொழும்பில் 100 பாகை. அதனால் அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் நேரத்தை அப்படியே வைத்தால் இங்கே கசப்பு ஏறக்கூடும். அரை நிமிடம் குறைத்தே தொடங்குங்கள்.

3. ஊற்றுதல்

பீங்கான் தேநீர்ப் போச்சியைச் சுடுதண்ணீரால் அலசிச் சூடாக்குங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கொதித்த கையோடு ஊற்றி மூடுங்கள். பிஓபிக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம், ஓபிக்கு நான்கு அல்லது ஐந்து. மணி பார்த்துச் செய்யுங்கள், கண்ணால் சாயத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஏனென்றால் இந்தத் தேயிலையின் சாயம் இளசாகத்தான் இருக்கும். பொன்னிறமோ இளம் செம்மஞ்சளோ வரும். கடைகளில் கடும் சாயத்துக்குப் பழகிய நமக்கு முதலில் தண்ணீர் மாதிரித் தோன்றும். உடனே இன்னொரு கரண்டி போடவோ அடுப்பில் வைத்துக் காய்ச்சவோ கை போகும். தயவுசெய்து பொறுங்கள். இந்தத் தேயிலையின் அருமை சாயத்தில் இல்லை, வாசனையில் இருக்கிறது. அதிகம் போட்டால் துவர்ப்பு முந்திக்கொண்டு அந்த வாசனையை அமுக்கிவிடும். அந்தக் குளிரில் இரண்டு இலையும் ஒரு அரும்புமாகப் பார்த்துப் பார்த்துப் பறித்த நம் சனங்களின் உழைப்பை இப்படி வீணாக்க எனக்கு மனம் வராது.

4. குடித்தல்

முதல் கோப்பையைப் பாலும் சீனியும் இல்லாமல் குடியுங்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டு, காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் வாசனை மூக்குக்கு ஏறும். ஏலத்துக்கு முன் சுவை பார்ப்பவர்களும் இப்படித்தான் சத்தமாக உறிஞ்சுவார்கள். அப்புறம் வேண்டுமானால் ஒரு கடி கருப்பட்டி. பால் ஊற்றத்தான் வேண்டும் என்றால் வேறு தேயிலை எடுங்கள், இதில் ஊற்றினால் பாலின் ருசிதான் மிஞ்சும்.

மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கலங்கலாம். பழுதாகிவிட்டது என்று கொட்டாதீர்கள். தேயிலையின் கஃபீனும் துவர்ப்புச் சத்துகளும் குளிரில் ஒன்றுசேர்வதால் வருவது அது, நல்ல தேயிலையில்தான் கூடுதலாகத் தெரியும். கொஞ்சம் கொதிநீர் விட்டால் தெளிந்துவிடும்.

இது பிடித்துப்போனால் ஆடி, ஆவணியில் இன்னொரு மலைப் பிரதேசமான ஊவாவின் சீசன் தேயிலையையும் வாங்கிப் பாருங்கள். அதில் மெந்தோல் போன்ற ஒரு குளிர்ச்சி இருக்கும், ஊற்றும் முறை இதேதான்.