குறட்டை குறைந்தது சரி, மூச்சு நிற்பது குறைந்ததா? தொண்டைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஒரு நாள் அத்தை எனக்கு ஒரு ஆடியோ அனுப்பினார். மாமாவின் குறட்டை. ராத்திரி இரண்டு மணிக்கு போனைத் தலையணை பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தது. முதலில் ரம்பம் இழுப்பது போல நாலைந்து இழுப்பு. பிறகு சட்டென்று நிசப்தம். பதிவு நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 22 விநாடி கழித்து, குளத்தில் முங்கி மேலே வந்தவர் மாதிரி ஒரு பெரிய திணறல். மறுபடி ரம்பம்.

அத்தைக்குத் தொந்தரவு அந்தச் சத்தம். டாக்டரோ நடுவில் இருந்த அந்த 22 விநாடியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். தூக்கத்தில் மூச்சு 10 விநாடிக்குக் குறையாமல் நின்றால் அது ஒரு தடை என்று கணக்கு. ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றதும் வெகுவாகக் குறுகியதும் எத்தனை முறை என்று எண்ணி, ஏ.ஹெச்.ஐ. என்று ஒரு எண்ணாகத் தருவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மாமாவுக்குத் தீவிரம். தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்கிற, காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் வாங்கச் சொன்னார்கள், வாங்கினார். இரண்டு மாதம் கழித்து யூடியூபில் தொண்டைப் பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்தார். மூன்று வாரம் நாக்கை நீட்டி மடக்கினார். "சத்தம் குறைஞ்சிருக்கு" என்று அத்தை சொன்ன அன்றைக்கே மெஷின் பரணுக்குப் போய்விட்டது.

இந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசுபவர்களில் பாதிப் பேர் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள், மீதிப் பேர் மெஷினுக்கு மாற்று என்கிறார்கள். இரண்டும் இல்லை. பலன் இருக்கிறது, ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு தெரியாததால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

சத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவது

உள்நாக்கிலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள தொண்டைப் பகுதியைத் திறந்து பிடிக்க எலும்போ குருத்தெலும்போ கிடையாது. தசைகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தூங்கும்போது அவை தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும். இளநீரில் ஊறிப்போன பேப்பர் ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், நடுவில் ஒட்டிக்கொள்ளும். தொண்டையிலும் நடப்பது அதுதான். பாதி ஒட்டினால் அதிர்ந்து குறட்டை வரும். முழுசாக ஒட்டினால் காற்றே போகாது, அதனால் சத்தமும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழித்துத் தசையை இறுக்கும், அந்தத் திணறல் வரும். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. அசதியும் தலைவலியும் மட்டும் இருக்கும், பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகும்.

ஆக, குறட்டை குறைந்தது என்றால் தொண்டை திறந்திருக்கிறது என்றும் பொருள் இருக்கலாம், அடைத்துக்கொண்டிருக்கிறது என்றும் இருக்கலாம். பக்கத்தில் படுத்திருப்பவரின் காதால் அதைத் தீர்மானிக்க முடியாது. ராத்திரி தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் ஸ்லீப் ஸ்டடிதான் சொல்லும். இன்னொன்றும் அதில்தான் தெரியும்: சிலருக்குத் தொண்டை அடைப்பதில்லை, மூச்சு விடச் சொல்லும் உத்தரவே மூளையிலிருந்து சரியாக வருவதில்லை. அந்த வகைக்கு நாக்குப் பயிற்சியை எத்தனை மாதம் செய்தாலும் பயன் இல்லை.

பிராணாயாமம் செய்தால் போதும் என்று நினைப்பது

இது நம் ஊரில் ரொம்ப சகஜம். இதற்குப் பதில், இந்தப் பயிற்சிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆய்விலேயே இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடந்தது, 2009-ல் வெளிவந்தது. நடுத்தர அளவு அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்த நோய், உள்ள 31 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாக்கு, மேலண்ணம், கன்னம், தொண்டை ஆகியவற்றுக்கான பயிற்சி, தினம் சுமார் அரை மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழுவுக்கு ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியும், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும். முதல் குழுவின் சராசரி ஏ.ஹெச்.ஐ. 22.4-லிருந்து 13.7-க்கு இறங்கியது. மூச்சுப் பயிற்சிக் குழுவுக்கு இறங்கவே இல்லை.

பிராணாயாமத்தில் வேறு நன்மைகள் இருக்கலாம், அது வேறு பேச்சு. தளர்ந்த நாக்கின் தசைக்கு அதில் வேலை இல்லை. "நான் தினமும் பாடுகிறேன், அதுவே பயிற்சிதானே", "ழகரத்தை அழுத்திச் சொன்னால் போதாதா" என்றெல்லாம் கேட்பவர்கள் உண்டு. ழ சொல்லும்போது வளைவது நாக்கின் நுனி. இங்கே உழைக்க வேண்டியது அதன் அடிப்பகுதி.

ஊதுகிற பயிற்சிகளுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் டிட்ஜெரிடூ என்ற நீள மரக்குழலை, சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்துச் சோதித்தார்கள். நான்கு மாதம் வாசித்தவர்களுக்குப் பகல் தூக்கமும் குறைந்தது, மூச்சுத் தடையும் குறைந்தது. 2006-ல் வந்த இந்த ஆய்வுக்கு 2017-ல், சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. 2025-ல் ஜெய்ப்பூரிலிருந்து சங்கை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 30 பேரில் 16 பேர் ஆறு மாதம், வாரத்தில் ஐந்து நாளாவது 15 நிமிடம் ஊதினார்கள், மற்றவர்கள் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்தார்கள். ஊதியவர்களுக்கு ஓரளவு குறைந்தது. ராஜஸ்தானில் ஊதலாம். நம் பக்கம் விடியற்காலையில் வீட்டுக்குள் சங்கு ஊதினால், யார் போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு தெருவே வந்து நிற்கும்.

எல்லாமே சிறிய ஆய்வுகள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 22.4 என்பது 13.7 ஆனது நல்ல இறக்கம்தான், ஆனால் 13.7-ம் நோய்க் கணக்கில்தான் வருகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் நடுத்தர நிலையில் இருந்தவர்கள். மாமா மாதிரி 30-ஐத் தாண்டியவர்கள் அந்தப் பலனை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

கண்ணாடி இல்லாமல் செய்வது

வீடியோவைப் பார்த்துச் செய்கிறவர்கள் வீடியோவைத்தான் பார்க்கிறார்கள், தங்கள் வாயைப் பார்ப்பதில்லை. சாவோ பாவ்லோவில் பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவர் வாரா வாரம் உட்கார்ந்து திருத்தினார். நமக்கு ஒரு கண்ணாடியும் டார்ச்சுமாவது வேண்டும்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நுனி மட்டும் பட்டால் போதாது, நாக்கு முழுவதும் தோசை கல்லில் ஒட்டுவது போல மேலே ஒட்ட வேண்டும். வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் நாக்கின் அடியில் உள்ள அந்த மெல்லிய நரம்பு போன்ற தசைநார் இழுபட்டுத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நுனிதான் ஒட்டியிருக்கிறது. மாமா தாடையை மேலே தள்ளிச் சமாளித்துக்கொண்டிருந்தார். வேலை முழுக்கத் தாடைக்குத்தான் போனது, இரண்டாவது வாரம் காதுப் பக்கம் வலி என்றார்.

அடுத்து, நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து அங்கிருந்து பின்னோக்கி இழுப்பது. அவசரமாகச் செய்தால் நாக்கு அண்ணத்தை விட்டு விலகிக் காற்றில்தான் போகும். மெதுவாக, உரசிக்கொண்டே போக வேண்டும்.

"ஆ" சொல்லும் பயிற்சியில் பலர் கத்துகிறார்கள். சத்தம் முக்கியம் இல்லை. டார்ச் அடித்துப் பாருங்கள், உள்நாக்கு மேலே ஏற வேண்டும். ஏறாமல் எத்தனை "ஆ" போட்டாலும் தொண்டை கட்டுவதுதான் மிச்சம். கொட்டாவி விடும்போது உள்நாக்கு தானாக ஏறும், அந்த அசைவைக் கவனித்துப் பிடித்துக்கொண்டால் எளிது. பிரஷ்ஷால் நாக்கைத் தேய்க்கும் பயிற்சி ஒன்றும் உண்டு, நாக்கைக் கீழே படுக்க வைத்துச் செய்வது. அதை நாக்கு வழிப்பது என்று எடுத்துக்கொண்டு ஆழமாக விட்டு ஓங்கரிப்பவர்கள் இருக்கிறார்கள். நாக்கை வழிப்பது சுத்தத்துக்கு. இது தசைக்கு.

மூன்று வாரம்

தசை வலுப்பெற அவகாசம் வேண்டும். ஆய்வுகளில் மூன்று மாதம் என்பது சும்மா போட்ட கணக்கு இல்லை. பத்து நாளில் விட்டுவிடுவது ஒரு தவறு. மூன்று மாதம் செய்து சரியானதும் நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு, ஜிம்முக்குப் போவதை நிறுத்தினால் கை இளைப்பது மாதிரி இதுவும் இளைக்கும். அரை மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்கவில்லை என்றால் பிரித்துக்கொள்ளலாம். குறட்டைக்காரர்களை வைத்து பிரேசிலிலேயே நடந்த 2015 ஆய்வில் 8 நிமிடம் வீதம் தினம் மூன்று வேளை செய்யச் சொன்னார்கள்.

காலையில் நாக்குப் பயிற்சி, ராத்திரி குவார்ட்டர் என்றால் கணக்கு நேராகாது. மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசையைத் தளர்த்துகின்றன. எடையும் கணக்கில் வரும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு, எடை 10 சதவீதம் குறைந்தால் ஏ.ஹெச்.ஐ. சுமார் 26 சதவீதம் இறங்கும் என்று கணித்தது. வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் புது மோகத்தை, மூக்கடைப்பு இருப்பவர்கள் தொடவே கூடாது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டால் முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் அடினாய்டையும் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) டான்சிலையும் காட்டுங்கள். பயிற்சி எல்லாம் அப்புறம்.

மெஷினை நிறுத்துவது

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இது. சிபாப் என்பது 1980-களின் தொடக்கத்தில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, ஒட்டப் பார்க்கும் தொண்டையை விரித்தே வைத்திருக்கும். போட்ட முதல் ராத்திரியே வேலை செய்யும். பயிற்சி அப்படி இல்லை, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் தடை எதுவும் இல்லை. மெஷினைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை, மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு மெஷின் இல்லாமல் ஒரு ராத்திரி சோதனை எடுத்து, அந்த எண்ணைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாமா அந்தச் சோதனையைத் தானாக எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திய இடத்திலேயே கண் அசந்துவிட்டார், பின்னாலிருந்து ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத்தான் விழித்திருக்கிறார். அன்றைக்கு அத்தை இழுத்துக்கொண்டு போனார். எண் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் 30-க்கு மேலேயே இருந்தது. மெஷினைப் பரணிலிருந்து இறக்கினார்கள். மாஸ்க்கின் பட்டையை எலி கடித்திருந்தது, அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. நாக்குப் பயிற்சியை இப்போதும் செய்கிறார், ஷேவிங் கண்ணாடி முன்னால்.