அளவீட்டுப் பாடத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓர் இளம் ஆசிரியர் புதிய பாடத்திட்ட வரைவைக் கொண்டுவந்து காட்டினார். பொறியியல் மாணவர்களுக்கான 'அளவீடும் சோதனையும்' பாடத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்திருக்கிறது. நிறைய உழைத்திருந்தார். பத்து ஆய்வகப் பயிற்சிகள், புது மென்பொருள், புது சென்சார்கள். புரட்டிக்கொண்டே போனேன். ஏழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதன் அடியில் இரண்டு கட்டங்கள்: 'நூல் மதிப்பு' (பாடநூல் தரும் எண்), 'சதவீதப் பிழை'. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் தயாரித்த தாளிலும் அதே இரண்டு கட்டங்கள் அதே இடத்தில்தான் இருந்தன.

அன்று அவரிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அலகு போட மறப்பது, வரைபடத்துக்குத் தலைப்பு இல்லாமல் விடுவது போன்றவை யாரும் சொல்லாமலே கண்ணில் படும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புதுக் கருவி வந்தால் பாடமும் புதிதாகிவிடும் என்று நம்புவது

நிதி வந்ததும் முதலில் வாங்குவது கணினியோடு இணையும் தரவுப் பதிவுக் கருவியைத்தான். முன்பு மாணவர் முள்ளைப் பார்த்து, எண்ணை எழுதி, புள்ளி வைத்துக் கோடு போட்டார். இப்போது பொத்தானை அழுத்தினால் கோடு வந்துவிடுகிறது. எந்த வேகத்தில் மாதிரி எடுப்பது, எந்த வீச்சில் அளப்பது, வடிகட்டி வேண்டுமா என்ற முடிவுகளையெல்லாம் நிரலை எழுதியவர் எப்போதோ எடுத்துவிட்டார். மாணவருக்கு மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பது மட்டும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மோட்டார் சட்டத்தின் அதிர்வை அளக்கும் பயிற்சி இருந்தது. நிரலில் மாதிரி வேகம் வினாடிக்கு 1000 என்று பூட்டப்பட்டிருந்தது. திரையில் 100 ஹெர்ட்ஸில் அழகான அலை வரும், எல்லோரும் 100 என்று எழுதுவார்கள். உண்மையில் அந்தச் சட்டம் 900 ஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டிருந்தது. வினாடிக்கு 1000 மாதிரி எடுத்தால் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது எதுவும் தன் அடையாளத்தோடு வராது. கீழே வேறோர் அதிர்வெண்ணாக மடிந்து வந்து உட்காரும். எண்களாக மாறிய பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. வடிகட்டி, எண்ணாக்கத்துக்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பூட்டை எடுத்துவிட்டோம். மாதிரி வேகத்தை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். 1000 வைத்தால் 100 ஹெர்ட்ஸ், 1200 வைத்தால் 300, 2500 வைத்தால் 900. ஒரே மோட்டார், மூன்று விடை. இதைக் கண்ணால் பார்த்தவர் திரையில் வரும் அலையை அப்படியே நம்ப மாட்டார்.

பழையது என்பதற்காகவே தூக்கி எறிவது

அந்த வரைவில், மின்தடையின் சிறு மாற்றத்தை அளக்க உதவும் வீட்ஸ்டோன் சுற்று இல்லை. "ரொம்பப் பழசு, அதனால எடுத்துட்டேன்" என்றார். பழசுதான். 1833-இல் கிறிஸ்டி அமைத்து, 1843-இல் வீட்ஸ்டோனால் பரவலாக அறியப்பட்ட சுற்று. ஆனால் அவர் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கும் லோடு செல்லுக்குள் (சுமையை அளக்கும் சென்சார்) இருப்பதும் அதே சுற்றுதான்.

நீளும்போது மின்தடை மாறும் 120 ஓம் ஸ்ட்ரெயின் கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கேஜ் காரணி 2. அதாவது, திரிபைப் (நீளம் மாறும் விகிதம்) போல இரண்டு மடங்கு விகிதத்தில் மின்தடை மாறும். மில்லியனில் 1000 பங்கு திரிபு ஏற்பட்டால் மின்தடை மாறுவது 0.24 ஓம் மட்டுமே. நேராக அளக்கப் போனால் கம்பியின் தடையும் அறையின் வெப்பநிலையும் அந்த மாற்றத்தை விழுங்கிவிடும். ஒரு கேஜை மட்டும் வைத்து, 5 வோல்ட் கொடுத்துச் சுற்றில் இணைத்தால் பூச்சியத்திலிருந்து 2.5 மில்லிவோல்ட் எழும்பும். அதைப் பெருக்கிக்கொள்ளலாம். இது புரியாத மாணவருக்கு லோடு செல் ஒரு மூடிய டப்பா. கழிக்க வேண்டுமென்றால் இன்று யாரும் தொடாத காகிதப் பதிவுக் கருவிகளின் உள்ளமைப்புப் படங்களைக் கழியுங்கள்.

நூல் மதிப்போடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறாத விஷயம் இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இழுவிசைச் சோதனை. 10 மி.மீ. விட்டமுள்ள மென் எஃகுத் தண்டு, அளவு நீளம் 50 மி.மீ. யூடிஎம் என்ற சோதனை இயந்திரத்தில் பிடித்து இழுத்து, சுமையையும் நீட்சியையும் குறித்து, வரைபடத்தின் நேர்கோட்டுச் சரிவிலிருந்து யங் குணகத்தை (தகைவைத் திரிபால் வகுத்தால் வருவது) கணக்கிட வேண்டும். நான் பாடத்தைப் புதுப்பித்தபோது இயந்திரத்தைக் கணினியோடு இணைத்தேன், பதிவுத்தாளை அழகாக அச்சடித்தேன். அடியில் அந்த இரண்டு கட்டங்களையும் போட்டேன். நூல் மதிப்பு 200 கிகாபாஸ்கல். 5 சதவீதத்துக்குள் வந்தால் பத்துக்குப் பத்து.

மூன்று வருஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. 196, 203, 199, 205. பயிற்சி நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்தேன். நான்காம் வருஷம் ஒரு குழு 41 என்று எழுதிக் கொடுத்தது. மறுபடி செய்யச் சொன்னேன். 39 வந்தது. குழுவிலிருந்த ஒரு மாணவி நோட்டைத் திறந்து என் மேஜையில் வைத்து, "சார், எத்தனை தடவை செஞ்சாலும் இதுதான் வருது. மத்தவங்களுக்கு எப்படி 200 வருதுன்னு எங்களுக்குப் புரியல" என்றார். கவனக்குறைவு என்று முடிவுகட்டிப் பத்துக்கு நான்கு போட்டு அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தகைவு, அதாவது சுமையைப் பரப்பால் வகுத்தால் வருவது, 200 மெகாபாஸ்கல் வர வேண்டுமென்றால் சுமை 15.7 கிலோநியூட்டன். அந்தச் சுமையில் 50 மி.மீ. நீளம் 0.05 மி.மீ. மட்டுமே நீளும். ஒரு தலைமுடியின் தடிமன். ஆனால் திரையில் வருவது தண்டின் நீட்சி இல்லை, தண்டை இழுக்கும் நகரும் பகுதியான கிராஸ்ஹெட் நகர்ந்த தூரம். அதற்குள் திருகுகளின் தளர்வு, சட்டத்தின் வளைவு, பிடிகள் தண்டைக் கடித்து நழுவுவது, அளவு நீளத்துக்கு வெளியே இருக்கும் பகுதியின் நீட்சி எல்லாம் சேர்ந்திருக்கும். திரை கால் மில்லிமீட்டர் காட்டியது. 0.25-ஐ 50-ஆல் வகுத்தால் திரிபு 0.005. யங் குணகம் 40.

எங்களிடம் அப்போது தண்டின் மேலேயே பொருத்தி நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் கிடையாது. அந்த இயந்திரத்தில் அந்த முறைப்படி அளந்தால் யாருக்கும் 200 வர வழியே இல்லை. 41-தான் நேர்மையான விடை.

பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். 4 கிலோநியூட்டனுக்கு நீட்சி 0.0127, 8-க்கு 0.0255 என்று எழுதியிருந்தது. எங்கள் திரை 0.01 மி.மீ.-க்குக் கீழே எதையும் காட்டாது. 200-இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்பியிருக்கிறார்கள். அந்த நான்காம் இலக்கத்தை நான் மூன்று வருஷமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விடை என்ன என்று தாளிலேயே அச்சடித்து, அதற்குப் பக்கத்தில் வந்தால்தான் மதிப்பெண் என்று சொன்னவன் நான். மறுநாள் அந்தக் குழுவைக் கூப்பிட்டு, என் தவறைச் சொல்லி, பத்துக்குப் பத்தாக மாற்றினேன். ஆனால் முந்தைய மூன்று வருஷ மாணவர்கள் வெளியே போய்விட்டார்கள். எதிர்பார்த்த எண் வரும்வரை தரவைத் தட்டிக்கொட்டுவதற்குப் பெயர்தான் சோதனை என்று நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். சிலர் இன்று சோதனை அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறார்கள். இந்தத் தவறின் விலை அதுதான். அதைத் திரும்ப வாங்க எனக்கு வழியில்லை.

வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் நூல் மதிப்பைக் கையில் கொடுப்பதில்லை. தெரிந்திருந்தால் அளக்கவே தேவையில்லை.

இப்போது எப்படிச் செய்கிறோம்? எக்ஸ்டென்சோமீட்டர் வந்துவிட்டது. ஆனால் கிராஸ்ஹெட் நகர்வையும் சேர்த்தே பதிவு செய்யச் சொல்கிறோம். ஒன்று 40 சொல்லும், இன்னொன்று 200-க்குப் பக்கத்தில் சொல்லும். மீதி நீட்சி எங்கே போனது என்று மாணவர் கண்டுபிடித்து எழுத வேண்டும். இந்தப் பாடத்திலேயே நன்றாக நடக்கும் வகுப்பு அதுதான். அந்த இரண்டு கட்டங்களும் தாளில் இல்லை. பதிலாக, ஒரே தண்டை இரண்டு குழுக்கள் மீள்தன்மை எல்லைக்குள் மட்டும் இழுத்து அளக்கின்றன. ஒரு தடவை ஒரு குழு 198 ± 6 என்றது, மற்றது 207 ± 5 என்றது. வித்தியாசம் 9. இரண்டு நிச்சயமின்மைகளையும் (± போட்ட எண்கள்) வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 7.8. ஆக, இரண்டும் ஒத்துப்போகவில்லை. காரணம் தேட வேண்டும். தேடினார்கள். இரண்டாவது குழு விட்டத்தை ஒரே ஓர் இடத்தில் அளந்து 0.1 மி.மீ. குறைவாக எழுதியிருந்தது. விட்டத்தில் 1 சதவீதம் போனால் பரப்பில் 2 சதவீதம் போகும். திருத்தியதும் 203 வந்தது, ஒத்துப்போனது. ஆய்வகங்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ளும்போது செய்வதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

மதிப்பெண்ணில் பாதி முதல் பதிவுப் பக்கத்துக்கு. பேனாவால் எழுத வேண்டும். தவறென்றால் ஒற்றைக் கோடு, அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் காரணம்.

"அப்ப நூல் மதிப்பே வேண்டாமா?" என்று கேட்டார் அந்த ஆசிரியர். வேண்டும். எல்லாம் முடிந்து கலந்துபேசும்போது எடுத்து வையுங்கள். பெரிய தவறு எதுவும் நடந்துவிடவில்லையே என்று பார்க்க அது உதவும். மதிப்பெண் தாளில் மட்டும் வைக்காதீர்கள்.

நிச்சயமின்மையைக் கடைசி அத்தியாயமாக வைப்பது

அளவீட்டு நிச்சயமின்மைக்கான சர்வதேச வழிகாட்டி 1993-இல் வந்தது. இன்னும் பல பாடத்திட்டங்களில் அது பருவக் கடைசியில் அவசர அவசரமாக முடிக்கும் பகுதி. முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், ஒரே ஒரு தண்டின் விட்டத்தோடு. ஐந்து முறை அளந்து சிதறலைக் கணக்கிடுவது வகை ஏ. வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. என்றால் இருபக்கமும் 0.01, அதை √3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.006. இது வகை பி. இரண்டையும் வர்க்கமாகக் கூட்டி மூலம் எடுத்துவிடலாம். ஒரு மணி நேர வேலை. அப்புறம் பத்துப் பயிற்சியிலும் அதையே திரும்பத் திரும்பச் செய்யட்டும்.

ஓர் எச்சரிக்கை: 95 சதவீத நம்பகத்துக்கு எப்போதும் 2-ஆல் பெருக்கினால் போதும் என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தே அளவீடுகளின் சிதறல்தான் பெரும்பங்கு என்றால் பெருக்க வேண்டியது 2.78.

கிலோகிராமுக்கு இன்னும் உலோக உருளையைக் காட்டுவது

2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியிலிருந்து வரையறுக்கப்படுகிறது. குறிப்பை மாற்றுங்கள்.

அளவுத்திருத்தம் என்றால் ஸ்டிக்கர் என்று விட்டுவிடுவது

கருவியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் 'சரி' என்று நகர்ந்துவிடுகிறோம். சான்றிதழை மாணவர் கையில் கொடுங்கள். 50 கிலோநியூட்டன் கொடுத்தபோது இயந்திரம் 50.3 காட்டியது என்று அதில் இருக்கும். அந்த 0.3-ஐக் கழித்துக் கணக்கிட வேண்டியது யார்? எங்கள் ஆய்வகத்தில் அந்தத் தாள் பல வருஷம் பீரோவுக்குள் பூட்டியே கிடந்தது.

அறை வெப்பநிலையைக் குறிக்காமல் விடுவது

நீள அளவீடுகளுக்கான மேற்கோள் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியில் 100 மி.மீ. எஃகு 0.0115 மி.மீ. கூடியிருக்கும். மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு 0.01.

ஆய்வக உதவியாளரிடம் கேட்காமல் எழுதுவது

பயிற்சித் தாள்களை நான் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் ஆய்வக உதவியாளர் தினமும் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால் வந்து சென்சார் மின்னழுத்தத்தைப் பெரிதாக்கும் பெருக்கிகளை இயக்கிவிட்டுப் போவார். சூடு பிடிக்காவிட்டால் பூச்சியம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். என் தாளில் அது இல்லை. அவர் விடுப்பில் போன வாரம் எல்லாக் குழுக்களின் தரவும் சரிந்துகொண்டே போனது. வரைவை முதலில் அவரிடம் கொடுத்து, ஒரு பயிற்சியை அவர் முன்னால் தனியாகச் செய்து பாருங்கள்.

ஒரே பருவத்தில் பத்துப் பயிற்சியையும் மாற்றுவது

வேண்டாம். மூன்று போதும்.

கேள்வித்தாளைத் தொடாமல் விடுவது

ஆய்வகத்தில் எதை மாற்றினாலும், தேர்வில் 'படம் வரைந்து விளக்குக' என்றே கேட்டுக்கொண்டிருந்தால் மாணவர்கள் படத்தைத்தான் படிப்பார்கள். தரவுப் பக்கத்தைக் கொடுத்து அதில் என்ன தவறு என்று கேளுங்கள்.

அந்த 41 வந்த நோட்டுப் பக்கத்தை அந்த மாணவியின் அனுமதியோடு நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பெயர் இல்லாமல், சுமையும் நகர்வும் மட்டும் கேள்வித்தாளில் வரும். 'இந்த அளவீட்டில் 41 கிகாபாஸ்கல் வந்ததற்கான காரணத்தை எண்களோடு விளக்குக.' பத்து மதிப்பெண்.