அடினியத்தின் அடி பருக்க வேண்டுமா? விதை போடுங்கள்

பாலைவன ரோஜா என்கிற அடினியத்தில் பலருக்கும் பூ முக்கியம். எனக்கு அடிக்கிழங்கு, அதாவது கிழங்கு மாதிரி பருத்த அடித்தண்டு. அதனால் ஒட்டுச் செடி வாங்குவதில்லை, விதைதான் போடுகிறேன். கிளையை வெட்டி நட்டாலும் பிழைக்கும், ஆனால் அடி அப்படிப் பருக்காது.

காய்கள் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாக வரும். முற்றுவதற்குள் நூலால் இரண்டு மூன்று இடத்தில் கட்டிவிடுங்கள். விதையின் இரு முனையிலும் குஞ்சம் இருக்கும். காய் வெடித்தால் எல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துவிடும். குஞ்சத்தைக் கிள்ளிவிட்டு, ஆற்று மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்த தட்டில் விதைகளைப் படுக்கவைத்து, மேலே லேசாக மணல் தூவுங்கள். புது விதையானால் சித்திரைச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

சகாராவுக்குத் தெற்கேயும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளர்கிற செடி இது. வேரில் ஈரம் தங்கக் கூடாது. சட்டிக் கலவையில் பாதி பருமணலும் செங்கல் பொடிசும், மீதிக்குச் செம்மண், மக்கிய எரு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. அகலமான, ஆழமில்லாத சட்டி போதும்.

இனிதான் உண்மையான வேலை. ஒரு வயதானதும் கோடையில் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, நேர்கீழே போகும் ஆணிவேரை வெட்டிவிடுங்கள். பக்க வேர்களைத் தொட வேண்டாம். காயம் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் கிடக்கட்டும், வாடினாலும் பயமில்லை. திரும்ப நடும்போது முன்பைவிட ஓர் அங்குலம் மேலே தூக்கி வையுங்கள். மேலே தெரியும் வேர்கள்தான் பின்னால் பருத்துக் கிழங்காகும். தண்ணீர் ஒரு வாரம் கழித்து. வெளியே வந்த வேரில் முதலில் நேர் வெயில் படக் கூடாது, வெந்துபோகும்.

ஐப்பசி, கார்த்திகையில் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கோடையில் லேசாக அமுங்கினால் தாகம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கொழகொழவென்று இருந்தால் அழுகல். வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி, பூஞ்சாணக்கொல்லி தடவிக் காயவிடுங்கள்.

வெட்டும்போது கையுறை அவசியம். இது அரளிக் குடும்பம், பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். குழந்தைகளையும் ஆட்டையும் அண்ட விடாதீர்கள்.

இன்னொன்று: விதைச் செடி தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்காத நிறமா? கிழங்கு பருத்த பிறகு தலையை வெட்டி, வேண்டிய நிறத்தை அதன்மேல் ஒட்டுக்கட்டிக்கொள்ளலாம்.