வீட்டில் யாருக்கு எந்த வெளிச்சம்? வயதும் பாலினமும் பார்த்து விளக்கு அமைக்கும் முறை

முதலில் ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வயதையும், பொழுது சாய்ந்தபின் அவர் எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் கடைக்குப் போனால், எல்லா அறைகளுக்கும் ஒரே வகை பல்பை வாங்கி வந்துவிடுவோம்.

இரண்டாவதாக, முதியவர்கள் அமரும் இடத்தைக் கவனியுங்கள். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது. அதனால் 20 வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் உள்ள பொடி எழுத்தைத் தாத்தா ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் படிப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் வாட் கூடிய பல்பைக் கூரையில் மாட்டினால் மட்டும் போதாது. மங்கிய வில்லை ஒளியைச் சிதறடிப்பதால், மூடியில்லாத பல்பு அவர்களுக்குக் கண்ணைக் கூசும். நாற்காலியின் தோள்பக்கத்தில், பால்நிற மூடி போட்ட தனி விளக்கு ஒன்றை வையுங்கள். மஞ்சளித்த வில்லை நீல ஒளியை வடிகட்டுவதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். துணி எடுக்கும் பீரோ அருகே 4000 கெல்வின் வெள்ளை ஒளி உதவும் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்; குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). இருட்டுக்குப் பழகவும் முதிய கண்ணுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை கணுக்கால் உயரத்தில் சிறு இரவு விளக்குகள் கட்டாயம் வேண்டும்.

குழந்தைகளுக்கு நேர்மாறான கவனம் தேவை. இரவில் பிரகாசமான ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகமாகக் குறைக்கிறது. வீட்டுப்பாடம் முடிந்ததும் 2700 கெல்வின் மஞ்சள் விளக்குக்கு மாறிவிடுங்கள்.

இனி பாலினம். பெண்களுக்கு மஞ்சள் ஒளி, ஆண்களுக்கு வெள்ளை ஒளி என்று விதி வகுப்பதை நான் ஏற்பதில்லை. இதுபற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதே பெரிய வேறுபாடு. பல வீடுகளில் சமையலறை டியூப்லைட், அடுப்படியில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவருடைய நிழலே காய் நறுக்கும் பலகைமேல் விழும். அந்த விளக்கின் இடத்தைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் அங்கே சமைத்துப் பார்த்தவர் அல்லர். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை ஒன்றைப் பொருத்துங்கள். பொருத்துவதற்குமுன் அன்றாடம் சமைப்பவரை அங்கே நிற்கச் சொல்லி, ஒளி அவர் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது பெட்டியில் வாட்டைவிட, பல்பு தரும் ஒளியின் அளவான லூமன் எண்ணைப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு பொதுவாக 900 லூமன் அளவில் ஒளி தரும். பல வயதினர் கூடும் கூடத்தில், மஞ்சள் விளக்குக்கும் வெள்ளை விளக்குக்கும் தனித்தனி சுவிட்ச் வைக்குமாறு எலக்ட்ரீஷியனிடம் சுவரை உடைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.