பென்ஷன் வீட்டில் ஒரு லேப்ரடார் குட்டி: சிரித்துக்கொண்டே செய்யும் தவறுகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆசைப்பட்டு வாங்கிய லேப்ரடார் குட்டி, "ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோங்கப்பா" என்ற வாக்குறுதியோடு பெற்றோர் வீட்டில் வந்து இறங்குவது இப்போது நம்மூரில் சகஜமாகிவிட்டது. அந்த ஒரு மாதம் பொதுவாக 10, 12 வருஷம் ஓடும். லேப்ரடாரின் ஆயுள் அவ்வளவு. ரிட்டயர் ஆகியாயிற்று, இனி நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்று அப்பா ஈசிசேரில் சாய்ந்தால், பேப்பரின் மறுமுனை ஒரு வாய்க்குள் இருக்கும்.

இந்த வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் குட்டியைப் பொறுத்தவரை நம் சிரிப்பே ஒரு கூலி. எதைச் செய்தால் எழுந்து வருகிறார்கள், எதைச் செய்தால் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று அது நாள் முழுக்கக் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. 3 மாதத்தில் 10 கிலோவாக இருக்கும்போது செய்த அதே சேட்டையை 8 மாதத்தில் 25 கிலோவோடு வந்து செய்யும். வேட்டி நுனியைக் கவ்வி இழுப்பதை இன்று வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டவர், தீபாவளிக்குள் மாடிப்படியில் அதே வேட்டியோடு தடுமாறுவார்.

துண்டைத் துரத்துவது

குளித்துவிட்டு வந்து கொடியில் கையை நீட்டினால் துண்டு இல்லை. கூடத்தில் குட்டி நிற்கிறது. வாயில் துண்டு, முன்னங்கால் இரண்டும் தரையோடு தரையாக, பின்பக்கம் மட்டும் மேலே, வால் விசிறி மாதிரி. நாய் பாஷையில் அது விளையாட்டுக்கு வைக்கும் அழைப்பிதழ். "டேய், குடுடா!" என்று இரண்டு அடி எடுத்து வைத்தீர்களோ, அழைப்பை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம். டைனிங் டேபிளைச் சுற்றி மூன்று ரவுண்டு, சமையலறையிலிருந்து "விடுங்க, விழுந்து வைக்காதீங்க" என்று ஒரு குரல், கடைசியில் ஈரத் தரையில் வழுக்கல். நாய்க்கோ அன்றைக்கு அதுதான் திருவிழா. நாளைக்கு ஜட்டியை எடுக்கும்.

துரத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் நெருங்கினால் பொருள் பறிபோகும் என்று புரிந்துவிட்டால், சில குட்டிகள் வாயிலிருப்பதை விழுங்கிவிடும். சாக்ஸ் மாதிரி ஒன்று குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். உறுமிக் காவல் காக்கும் பழக்கமும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

செய்ய வேண்டியது பண்டமாற்று. நின்ற இடத்திலேயே நில்லுங்கள், நேருக்கு நேர் முறைக்காதீர்கள். அதன் தின்பண்ட டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்குங்கள். நான்கைந்து துணுக்குகளை உங்கள் காலடியில் சிதறவிடுங்கள். பொறுக்குவதற்காக வாயைத் திறக்கும், துண்டு விழும். அந்தக் கணத்தில் "விடு" என்ற சொல்லைச் சொல்ல வேண்டும், முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. அது தின்றுகொண்டிருக்கும்போது காலால் துண்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் முதுகு வளைக்கும் வேலையும் மிச்சம். இதையே அதன் சொந்தப் பொம்மையை வைத்துத் தினம் ஐந்தாறு முறை பழக்கி, ஒவ்வொரு முறையும் பொம்மையைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் நஷ்டமில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும்.

லஞ்சம் கொடுத்து வேலை வாங்குவதா என்று பலர் முகம் சுளிப்பார்கள், அதிலும் அரசு உத்தியோகத்தில் இருந்தவர்கள். வேலைக்கு முன்பே காட்டினால் லஞ்சம், முடித்தபின் கொடுத்தால் கூலி. முதல் வாரத்துக்குப் பிறகு டப்பாவைக் குலுக்காமல் "விடு" என்று மட்டும் சொல்லி, விட்டபின் கொடுங்கள். விஷயம் முடிந்தது.

திருட்டுக்கு ஏதுவாக எதையும் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. 28 பால்பற்களும் 4 மாத வாக்கில் விழத் தொடங்கி, 7 மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு அரிப்பில் எது கிடைத்தாலும் கடிக்கும். மூக்குக்கண்ணாடி, பல்செட், ஹியரிங் எய்ட் மூன்றும் இந்த வீடுகளில் முதல் பலி. ஹியரிங் எய்டின் மேல் தனிப் பிரியம், ஏனென்றால் அதில் காதுக் குரும்பியின் வாசனை இருக்கிறது, அணைக்காமல் கழற்றி வைத்தால் மெல்லிய விசில் சத்தமும் வரும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். கட்டிலருகே ஸ்டூலில் வைக்காதீர்கள். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, அதுவும் அலமாரியின் மேல் தட்டில். கடிக்க ஃப்ரீசரில் வைத்த முழு கேரட்டோ, நனைத்து முறுக்கி உறையவைத்த பழைய துணியோ கொடுத்துப் பக்கத்திலேயே இருங்கள். பழைய செருப்பு மட்டும் வேண்டாம். பழைய செருப்புக்கும் சம்பந்தி கழற்றிப் போட்ட புதுச் செருப்புக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

ஆளுக்கொரு வாய்

காலை காபியோடு அப்பா ஒரு மேரி பிஸ்கட். பூ கட்டும்போது அம்மா அரை தோசை. வேலைக்கு வரும் அக்கா இட்லி. மத்தியானம் "பாவம், மூஞ்சியைப் பாருங்களேன்" என்று தயிர்சாதம். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ஒவ்வொருவர் எதிரிலும் போய் உட்கார்ந்து, காலையிலிருந்து பட்டினி கிடந்தது போல் நாய் ஒரு பார்வை பார்க்கும். லேப்ரடார் விஷயத்தில் அது முழுக்க நடிப்பும் இல்லை. பசி அடங்குவதைச் சொல்லும் ஒரு மரபணு ஏறத்தாழ நாலில் ஒரு லேப்ரடாருக்குப் பழுதுபட்டிருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டார்கள். அதனால் முகத்தைப் பார்த்துப் போடுவது கணக்கல்ல, டப்பாதான் கணக்கு. ஒரு நாளைய தின்பண்டம் முழுவதையும் காலையில் ஒரே டப்பாவில் போட்டுவிடுங்கள். அன்றைய மொத்தச் சாப்பாட்டில் அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான், தீர்ந்தால் தீர்ந்தது.

வெறும் தயிர்சாதம் கொஞ்சம் கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. சாம்பார் சாதம்தான் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். நம் புளியிலும் அதே அமிலம் நிறைய. கேசரியிலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் உலர்திராட்சையையும் மறந்துவிடாதீர்கள், பிரசாதம் என்பதால் விதிவிலக்கு இல்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் பையில் வைத்திருக்கும் சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ஒன்றிரண்டே நாயின் ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். வெந்த கோழி எலும்பு குத்தூசியாக உடையும்.

இன்னொன்று, கை வைத்தியம். காதைத் தொட்டுப் பார்த்து "சுடுதே" என்று பாராசிட்டமால் பாதியை உடைத்துப் போடுவது. நாயின் இயல்பான உடல்சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் அதற்கு நஞ்சாகலாம்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது

"யாரு யாரை வாக்கிங் கூட்டிட்டுப் போறாங்க சார்?" இந்த ஜோக்கைக் கேட்காமல் தெருமுனை தாண்டிய லேப்ரடார் சொந்தக்காரர் தமிழ்நாட்டில் கிடையாது. சிரிப்பதோடு விடாமல் கயிற்றையும் ஒருமுறை பாருங்கள். இழுக்கிறதே என்று மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தால், பூனை ஒன்று குறுக்கே ஓடும் நொடியில் விரல் முறியலாம், ஆளே குப்புற விழலாம். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்கள் நாயோடு நடக்கும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்தது 2004-க்கும் 2017-க்கும் இடையில் இரண்டரை மடங்கானது. அதிகம் முறிந்தது இடுப்பு. நம் தெருக்களில் இதோடு பள்ளமும் தெருநாயும் சேர்த்தி.

நீண்டு சுருங்கும் கயிறு வேண்டாம். ஐந்தாறு அடி நீளமுள்ள பட்டை நாடா போதும். மிச்சத்தை விசிறி போல் மடித்து உள்ளங்கையில் வைத்து விரல்களால் மூடுங்கள். விழப்போகிறோம் என்றால் விரலைத் திறந்தால் போதும், கயிறு போய்விடும். கழுத்துப் பட்டைக்குப் பதில், நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை, வாங்குங்கள். அதில் இழுத்தால் நாயின் உடம்பே உங்கள் பக்கம் திரும்பிவிடும், முதுகில் வளையம் இருந்தால் மாட்டு வண்டி போல் இன்னும் பலமாக இழுக்கும். கயிறு விறைத்ததும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் பிள்ளையார் கோயில் வரைக்கும் போக இருபது நிமிஷம் ஆகும். ஆகட்டும், அவசரமாக எந்த ஆபீஸுக்குப் போக வேண்டியிருக்கிறது?

நண்பரைப் பார்த்ததும் நடுத்தெருவில் நின்று பேசுவது தனித் தவறு. பஞ்சப்படி அரியரில் தொடங்கி மூட்டுவலிக்கு வருவதற்குள் குட்டி இருவர் காலையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி முடித்திருக்கும். அப்போதுதான் அந்தப் பூனை வரும். முதலில் ஒரு திண்ணையோ பாலக்கட்டையோ பார்த்து உட்காருங்கள், பிறகு பேசுங்கள்.

சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். புறங்கையைத் தாரில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் ஆகாது. செருப்புப் போட்டிருக்கும் நமக்கு இது உறைப்பதில்லை. தடுப்பூசிச் சுற்று முடியும்வரை, அதாவது 16 வாரம் வாக்கில்வரை, தெருநாய்கள் அசிங்கம் செய்யும் இடத்தில் இறக்காதீர்கள். குட்டிகளுக்கு உயிருக்கே ஆபத்தான வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

சீரியல் நேரத்துச் சூறாவளி

சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குக் காரணமே இல்லாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு, ஹாலிலிருந்து படுக்கையறைக்கும் படுக்கையறையிலிருந்து சோபா மேலும் பேய் பிடித்தாற்போல் ஓடும். இது நோயல்ல, இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே அடங்கும். குறுக்கே நின்று பிடிக்கப் போவதுதான் தவறு. கால்களை சோபாவில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், டீப்பாய் மேலிருக்கும் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்ரடார் வாலின் உயரமும் டீப்பாயின் உயரமும் அளவெடுத்துச் செய்தது போல் ஒன்றாக இருக்கும். வழவழப்பான டைல்ஸில் ரப்பர் அடி ஒட்டிய மிதியடிகளைப் பாதைபோல் போட்டு வையுங்கள், அதன் இடுப்பு மூட்டுக்கும் நல்லது, உங்கள் இடுப்புக்கும் நல்லது.

"இன்னும் நடக்க வைக்கணும், எனர்ஜி தீரலை" என்று பலர் மறுபடி வெளியே கூட்டிப்போவார்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறு. குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூங்காத குழந்தை அழும், தூங்காத குட்டி கடிக்கும். ஐந்தரை மணிக்கு அதன் தீவனத்தில் ஒரு கைப்பிடியைப் பழைய துண்டில் தூவி, சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். கால்மணி நேரம் மூக்கால் தேடித் தின்றபின் பெரும்பாலும் தானே படுத்துவிடும்.

விளையாட்டுக் கடியைச் சிரித்து ஒதுக்கக்கூடாத வீடுகளும் இவைதான். வயதான தோல் மெலிசு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சின்னக் கீறலும் நிற்காமல் வடியும். ரேபீஸ் தடுப்பூசி குட்டிக்கு 3 மாதத்தில்தான் போடுவார்கள், ஆக அதற்கு முன் "நம்ம வீட்டு நாய்தானே" என்பது செல்லாது. பல் பட்டு ரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது இரண்டும் வீண். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே. 3 மாதக் குட்டி அதிகபட்சம் 4 மணி நேரம் அடக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை இல்லை. ஃபினாயில் நம் மூக்கை ஏமாற்றும், அதன் மூக்கை ஏமாற்றாது. நாய்க்கென்று விற்கும் என்சைம் திரவம் வாங்குங்கள்.

ஒரு வேலைக்கு மூன்று சொல்

அப்பா "சிட்" என்பார், அம்மா "உக்காரு" என்பார், வீடியோ காலில் பேரன் "சிட் டவுன் பட்டி" என்பான். குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாலை ஆட்டும். அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம். ஒரு செயலுக்கு ஒரே சொல், கூடவே ஒரே கைச்சைகை. சொல்லை ஒருமுறைதான் சொல்ல வேண்டும். "உக்காரு, உக்காரு, உக்காருன்னா!" என்றால் மூன்றாவது அதட்டலில்தான் உட்கார வேண்டும் என்று அது படித்துக்கொள்ளும்.

இந்தச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்கா போகும்போது அது தேவைப்படும். நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சை டிக்கெட் போட்டபின் எடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. தடுப்பூசிப் புத்தகம் இல்லாமல் நல்ல விடுதிகள் சேர்ப்பதில்லை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பதற்கு உரிமமும் வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே இரண்டு ராத்திரி அங்கே விட்டுப் பழக்குங்கள். தாளில் தீவனத்தின் அளவு, கால்நடை மருத்துவரின் நம்பர், இடியோ பட்டாசோ கேட்டால் எந்தக் கட்டிலுக்கடியில் ஒளியும் என்பது வரை இருக்கட்டும். "விடு" என்றால் விடும், "உக்காரு" என்றால் உட்காரும், "சிட்" என்றால் தயிர்சாதம் வருகிறதா என்று சமையலறையைத் திரும்பிப் பார்க்கும் என்பதையும் கீழே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.