சிவப்புச் சேலையும் வாழையிலையும் ஒரே சாம்பல்: கறுப்பு வெள்ளைப் படத்தைத் திருத்தும் முறை

வாழைத்தோப்பில் சிவப்புச் சேலையோடு பாட்டியைப் படமெடுத்தேன். கலரில் பளிச்சென்று இருந்தது. நிறத்தை நீக்கியதும் சேலையும் இலையும் ஒரே சாம்பலாகி, பாட்டி தோப்புக்குள் கரைந்துபோனார். கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு ஏற்றியும் பிரியவில்லை. கான்ட்ராஸ்ட்டுக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும்தான். இங்கே இரண்டுக்கும் ஒரே அளவு வெளிச்சம். அதனால் நிறத்தைச் சாம்பலாக மாற்றும் இடத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். இலவச மென்பொருளான கிம்ப்பில் எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கலர் படத்தையே திறங்கள். கேமராவிலேயே கறுப்பு வெள்ளையாக எடுத்த ஜேபெக்கில் நிறத் தகவல் இருக்காது, அதில் இந்த வித்தை பலிக்காது. 'கலர்ஸ்' மெனுவில் 'காம்போனென்ட்ஸ்', அதற்குள் 'மோனோ மிக்ஸர்'. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0.333 என்று நிற்கும். சிவப்பை 0.7 ஆக்கி, பச்சையை 0.2-க்கும் நீலத்தை 0.1-க்கும் இறக்குங்கள். சேலை வெளுக்கும், இலை கறுக்கும், பாட்டி தோப்பைவிட்டு வெளியே வந்துவிடுவார். மூன்றின் கூட்டுத்தொகை 1-ஐ ஒட்டியே இருக்கட்டும். கூடினால் படம் வெளிறும். சிவப்பு ஏற ஏற முகச் சுருக்கங்கள் மங்கும், நீலம் ஏறினால் ஆழமாகும். எனக்குச் சுருக்கங்கள் வேண்டும், ஆகவே சிவப்பை 0.6-இல் நிறுத்திக்கொண்டேன். நீல வானத்துக்கும் சிவப்புதான் கைகொடுக்கும்: வானம் இருண்டு மேகம் எடுப்பாகத் தெரியும். ஃபிலிம் காலத்தில் லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டியது இதற்குத்தான்.

அப்புறம் அதே 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்'. அங்கே மலைபோல் தெரியும் ஹிஸ்டோகிராமின் (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) கீழே மூன்று முக்கோணங்கள் இருக்கும். இடப்பக்கத்ததை மலை தொடங்கும் இடத்துக்கும், வலப்பக்கத்ததை அது முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். வலதில் அதற்குமேல் உள்ளே தள்ளினால் நரைமுடி இழை தெரியாமல் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். முகம் இருட்டாக இருந்தால் நடு முக்கோணத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளலாம்.

அடுத்து, அதே மெனுவின் 'கர்வ்ஸ்' கோட்டில், இருட்டுப் பக்கம் (இடது) கால்வாசியில் ஒரு புள்ளி வைத்துச் சற்றே கீழே இழுங்கள். முக்கால்வாசியில் இன்னொன்று வைத்துச் சற்றே மேலே. சற்றே! நான் பல படங்களைக் கரிக்கட்டையாக்கியது இந்த இடத்தில்தான்.

கடைசியில் லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, தடவிய இடத்தை வெளிச்சமாக்கும் டாட்ஜ் பிரஷ்ஷின் எக்ஸ்போஷரை 10-க்குக் குறைத்து, கண்களில் ஓரிரு முறை தடவினால் போதும். ஓரங்களை இருட்டாக்க பர்ன்.

பிரின்ட் போடுவதென்றால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து ஒருமுறை பாருங்கள். திரைபோலக் காகிதம் தானாக ஒளிராது. இங்கே தெரிகிற இலை நரம்பு அங்கே மையோடு மையாகிவிடும்.